பூட்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்குதல்: பழைய ரவை, குண்டுகளை மனதில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து வந்து காணியைத் திறப்பவர்களுக்கும், அவர்களுக்காக இங்கே நின்று வேலை செய்விக்கிற உறவினர்களுக்கும் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகள், தென்மராட்சியின் கிழக்கு, வடமராட்சி கிழக்கு, சண்டைக் காலத்தில் யாரோ வந்திருந்துவிட்டுப் போன பட்டணத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மிதிவெடி என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள். துருப்பிடித்த ரவை (துவக்குத் தோட்டா), செல் (மோட்டார், பீரங்கிக் குண்டு), கைக்குண்டு என்றால் "பழசுதானே" என்று காலால் தட்டிப் பார்க்கிறார்கள். வேலை பிழையாகிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஒவ்வொரு படியையும் சொல்லும்போது ஏன் அந்த ஒழுங்கு என்பதையும் சொல்கிறேன். ஒழுங்கை மாற்றினால் மிச்சத்தை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிரயோசனம் குறைவு.

ஒரு விஷயம் முதலிலேயே: மிதிவெடி அபாயம் என்று பலகை நட்டிருக்கும், அல்லது சந்தேகப் பகுதி என்று அலுவலகத்தில் சொல்லும் காணிக்கு இந்த வழிகாட்டி இல்லை. அங்கே ஒரே படிதான், உள்ளே போகாமல் இருப்பது. கீழே உள்ளவை எல்லாம் துப்புரவு செய்யப்பட்டது என்று ஒப்படைக்கப்பட்ட காணிக்கும், சந்தேகப் பட்டியலில் ஒருபோதும் வராத காணிக்கும் மட்டுமே.

1. கத்தி எடுக்க முன் கடதாசி

காணி உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம அலுவலரிடம் (விதானையாரிடம்) போங்கள். எல்லை தெரியாமல் வேலை தொடங்கினால் பக்கத்துக் காணிக்குள் ஆள் இறங்கிவிடும். உங்கள் காணி துப்புரவானதாக இருக்கலாம், வேலிக்கு அப்பால் உள்ளது அப்படி இல்லாமல் போகலாம். கதியால்கள் பட்டுப்போய் வேலி இருந்த அடையாளமே இல்லாத இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

விதானையாரிடம் கேட்க வேண்டியது: இந்தக் காணி எந்தக் காலத்தில் யாருடைய கையில் இருந்தது, எப்போது விடப்பட்டது, கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் வேலை செய்தார்களா. செய்திருந்தால் அந்த முடிவுப் பத்திரம் பிரதேச செயலகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பத்திரத்தில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எந்தப் பரப்புக்கு, எந்த ஆழத்துக்கு. முழுக் காணியும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், வரைபடத்தில் ஒரு மூலை விடுபட்டிருக்கும். ஆழமும் அப்படித்தான். மேல்மண்ணில் தேடித் துப்புரவாக்கிய காணியில் நீங்கள் அதைவிடக் கீழே அத்திவாரம் வெட்டப் போகிறீர்கள் என்றால், அந்தப் பத்திரம் உங்கள் அத்திவாரத்துக்குப் பேசவில்லை.

சந்தேகம் வந்தால் பிரதேச செயலகத்திலேயே எழுத்தில் கொடுத்து, கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையத்தின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில் இருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் 2002 முதல் இலங்கையில் வேலை செய்கின்றன, இராணுவத்திலும் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. இவர்கள் காணிக்காரரிடம் காசு வாங்குவதில்லை. "நான் மிசின் கொண்டுவந்து பார்த்துத் தாறன், இவ்வளவு தா" என்று ஒருவர் வந்தால் அவர் வேறு ஆள்.

2. அயலட்டையில் கேளுங்கள்

கடதாசியில் இல்லாதது அயலில் இருக்கும். ஒழுங்கையில் (வளவுக்கு முன்னால் போகிற சின்னத் தெருவில்) கடைசிவரை இருந்தவர், அல்லது முதலில் திரும்பி வந்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வயதான அம்மாவாக இருப்பார். அவரிடம் "வெடிபொருள் இருக்கா?" என்று கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்பார். கேட்கிற கேள்வி வேறு: சென்றி (காவல் நிலை) எங்கே நின்றது, பங்கர் எந்தப் பக்கம், மண் அணை எதுவரை போனது, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், எதில் அள்ளவில்லை, குப்பை எங்கே கொட்டினார்கள், இந்தப் பக்கம் செல் விழுந்ததா.

அள்ளாத கிணறும் குப்பைக் குழியும் மிக முக்கியம். ஓர் இடத்தை அவசரமாக விட்டுப் போகிறவர்கள் தூக்க முடியாததைக் கிணற்றில் போடுவார்கள், இல்லையென்றால் குழியில் போட்டு மூடுவார்கள். 1987 தொடக்கம் 2009 வரை இந்தக் குடாநாட்டில் எத்தனை தரம் ஆள் மாறியது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வளவில் மூன்று தரப்பு இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அவரவர் மிச்சம் அவரவர் இடத்தில்.

கேட்டதையெல்லாம் ஒரு கடதாசியில் காணியின் படம் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. கிணறு, கிழுவை வேலி, பனை, வீடு, பங்கர் மேடு, குப்பைக் குழி. இந்தப் படம்தான் கடைசிவரை வேலைக்கு உதவும்.

3. என்ன பார்க்கப் போகிறோம், பழசானால் ஏன் மோசம்

கைக்குண்டு, மோட்டார் செல், டொங்கான் குண்டு (குழாயால் சுடுகிற சின்னக் குண்டு), மிதிவெடி எல்லாவற்றிலும் இரண்டு பகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெடிக்கிற மருந்து, மற்றது அதை வெடிக்காமல் பிடித்து வைத்திருக்கிற கம்பி, ஊசி, வில். செல்லுக்குள்ளும் குண்டுக்குள்ளும் இருக்கிற ரி.என்.ரி போன்ற மருந்து பல பத்தாண்டு கழிந்தும் அப்படியே வேலை செய்யும். துருப்பிடித்து இற்றுப் போவது பிடித்து வைத்திருக்கிற பகுதிதான். பழசு என்றால் பாதுகாப்பு பழசாகிறது, மருந்து இல்லை.

கைக்குண்டை எடுங்கள். ஒரு மெல்லிய கம்பி நெம்பைப் பிடித்திருக்கிறது, நெம்பு உள்ளே இருக்கும் ஊசியைப் பிடித்திருக்கிறது. உப்புக்காற்றில் கிடந்து அந்தக் கம்பி நூல் அளவுக்கு மெலிந்திருக்கும். கிடக்கிற வரைக்கும் கிடக்கும். தூக்கும்போது கம்பி உதிரும், நெம்பு விலகும். அதற்குப் பிறகு உங்களுக்கு இருப்பது சில செக்கன்கள்தான்.

சுடப்பட்டு வெடிக்காமல் விழுந்தது இன்னும் மோசம். டொங்கான் குண்டு ஒரு பெரிய ரவை போல, உருண்டைத் தலையோடு, கைக்குள் அடங்கும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று எடுக்கிற அளவு. குழாயை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம் பறந்ததும் அது வெடிக்கத் தயாராகிவிடுகிறது, விழுந்தபோது வெடிக்கவில்லை என்பதால் அது செத்துப் போனது என்று அர்த்தமில்லை. தோளில் வைத்துச் சுடுகிற ஆர்.பி.ஜி. குண்டின் தலையும் இதே சாதி. அதன் நுனியில் அழுத்தினால் மின்சாரம் எழுப்புகிற ஒரு பளிங்கு இருக்கிறது. பற்றரி இறங்கிப் போகும் என்ற கதை அங்கே இல்லை.

வெறும் ரவை இவ்வளவு பயங்கரம் இல்லை, உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. ரவைக்குள் இருக்கிற மருந்து மெல்ல மெல்லச் சிதையும். சிதையாமல் காக்க ஒரு பொருளைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள், வெக்கையில் அந்தப் பொருள் விரைவாகத் தீர்ந்துவிடும். அடியில் இருக்கிற தட்டுமருந்து தட்டினால் பற்றும் தன்மையோடு அப்படியே இருக்கும். துவக்குக்குள் இல்லாமல் வெளியே வெடித்தால் சன்னம் தூரம் போகாது, ஆனால் கோது கிழிந்து துண்டு துண்டாகப் பறக்கும். கண்ணுக்கு அது போதும்.

மிதிவெடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இங்கே புதைக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி பிளாஸ்ரிக் உடம்பு, சில மரப்பெட்டி. கடையில் வாங்குகிற காந்தமோ சின்ன டிற்றெக்டரோ அதைக் காட்டாது.

4. நாள், ஆள், சாமான்

மாசி, பங்குனி நல்ல காலம். மாரி மழை மண்ணைக் கழுவிப் பலதை மேலே கொண்டுவந்திருக்கும், பிறகு புல் காயத் தொடங்க நிலம் கண்ணுக்குத் தெரியும். மார்கழியில் தொடங்கினால் பத்தை பச்சையாக எழும்பி நிற்கும், காலடி தெரியாது. வடமராட்சி கிழக்கு போன்ற மணல் நிலத்தில் கவனம் இரண்டு மடங்கு. அங்கே காற்றும் வெள்ளமும் சாமானை இடம் மாற்றும், போன வருடம் பார்த்த இடம் இந்த வருடமும் அதே இடம் இல்லை.

ஆட்களை மாற்றி மாற்றிப் பிடிக்காதீர்கள். முதல் நாள் சொன்னதைக் கேட்டவன்தான் கடைசி நாளும் வர வேண்டும். நாள் கூலிக்குப் புதிதாக ஒருவன் வந்தால் வேலை தொடங்க முன் அவனுக்கு மட்டும் தனியாக முழுவதையும் திரும்பச் சொல்லுங்கள். கொந்தராத்துக்குக் கொடுத்தால் ஆள் ஓட்டம் ஓட்டமாக முடிக்கப் பார்ப்பான், ஆகவே இந்த வேலைக்கு மட்டும் நாள் சம்பளம் நல்லது. காசு கொஞ்சம் கூடத்தான் முடியும்.

சாமான்: நீளப் பிடிக் கத்தி, கொக்கத்தடி, இலை வாரும் நீளப்பிடி வாரி, சிவப்புத் துணி, சார்ஜ் நிறைந்த கைபேசி, முதலுதவிப் பெட்டி. சப்பாத்து போடுங்கள், ஆனால் அது முள்ளுக்கும் பாம்புக்கும்தான், மிதிவெடியைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் என்பதை வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சிக்னல் எடுக்காத வளவு என்றால் எங்கே நின்றால் எடுக்கும் என்று முதலே பாருங்கள்.

பிள்ளைகள் வேண்டாம். கனடாவிலிருந்து வந்தவர்கள் தாத்தாவின் வளவைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுவார்கள். வேலை முடிந்த பிறகு காட்டலாம்.

5. முதல் நடை

முதல் நாள் ஒன்றையும் வெட்டாதீர்கள். ஒருவர் நடக்க, மற்றவர் ஒழுங்கையில் கைபேசியோடு நிற்க. நடக்கிறவர் ஏற்கெனவே ஆள் நடமாடுகிற பாதையால், சீமெந்து போட்ட இடத்தால், வீட்டு விறாந்தையால் மட்டும். பத்தைக்குள் இறங்க வேண்டாம். நின்று பாருங்கள், படத்தில் குறியுங்கள்.

பார்க்க வேண்டியவை: இயற்கைக்கு ஒவ்வாத மேடு, நேர்கோடாகப் போகிற மண் அணை, ஓரிடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கிய நிலம், முட்கம்பிச் சுருள், மண்மூட்டைச் சாக்கின் கந்தல், அடுக்கியது போல் கிடக்கும் பனங்குற்றி. சிலிப்பர்கட்டையோ தண்டவாளத் துண்டோ வளவுக்குள் கிடந்தால் அது பங்கரின் கூரை. வடக்கு ரயில் பாதையைக் கிளப்பி எடுத்துத்தான் பல பங்கர்கள் கட்டப்பட்டன. அப்படி ஒன்றைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் வேலை இல்லை என்று முடிவெடுங்கள். பங்கருக்குள் குனிந்து பார்க்கவும் வேண்டாம். விதானையார் ஊடாக அறிவித்து, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்த பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளும் இதே ஒழுங்கு. சீலிங் தட்டு, புகைக்கூடு, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடக் குழி ஆகியவை ஒளித்து வைக்கிற இடங்கள். மூடியிருக்கிற அலுமாரியை இழுத்துத் திறக்க முன் பின்னாலும் அடியிலும் பாருங்கள்.

6. பத்தை வெட்டும் ஒழுங்கு

ஒழுங்கைப் பக்கத்திலிருந்து உள்ளே. நடுவில் இறங்கி வெளியே வெட்டிக்கொண்டு வரக் கூடாது. பின்னால் எப்போதும் பார்த்து முடித்த நிலம் இருக்க வேண்டும், ஏதாவது நடந்தால் திரும்பி வரும் பாதை அதுதான்.

முதலில் முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டியதை வாரியால் நிலத்தில் இழுக்காமல் கொக்கத்தடியால் தூக்கி எடுங்கள். நிலத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடிவரை வெட்டுங்கள். வேரோடு பிடுங்குவது இந்தக் கட்டத்தில் இல்லை, பிடுங்கினால் மண் கிளம்பும், மண்ணுக்குள் இருப்பதும் சேர்ந்து கிளம்பும். இப்படி இரண்டு தரம் வெட்டுவது ஆட்களுக்கு எரிச்சலாக இருக்கும். "அண்ணை, ஒரே வெட்டில முடிக்கிறதை விட்டிட்டு" என்பார்கள். என்னட்டை வேலை செய்கிறவர்களுக்குப் பழகிவிட்டது.

இரண்டு பேருக்கிடையில் நல்ல தூரம் விடுங்கள். ஒருவருடைய கத்தி மற்றவருக்கு எட்டாத தூரம் என்பதல்ல கணக்கு. ஒரு வெடிப்பில் இருவரும் அகப்படாத தூரம்.

பெக்கோ என்கிற மண் வெட்டும் மிசினைக் கொண்டுவந்து ஒரே நாளில் வளவை வழிக்கலாம் என்பது இப்போது பெரிய ஆசை. கண்ணால் பார்த்து முடிக்காத காணியில் பெக்கோ இறங்கினால், மேலே கிடந்த சாமான் மண்ணோடு கலந்து குவியலுக்குள் போய்விடும். அந்த மண்ணை நீங்கள் பள்ளம் நிரப்ப வேறு காணிக்கு ஏற்றினால் ஆபத்தும் சேர்ந்து ஊர்வலம் போகிறது. முதலில் கை வெட்டு, பிறகு பார்வை, கடைசியில்தான் மிசின்.

7. நெருப்பு வைக்காதீர்கள்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், மற்ற எல்லாவற்றையும் கவனமாகச் செய்தவர்கள்கூட இங்கே வழுக்குகிறார்கள். வெட்டிய பத்தை காய்ந்து குவிந்திருக்கும். தீக்குச்சி ஒன்றோடு வேலை முடிகிறது என்று தோன்றும். யாழ்ப்பாணத்தில் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்தது என்ற செய்தி அபூர்வமானதல்ல.

குவியலுக்குள் ஒன்றும் இல்லையென்று உங்களுக்குத் தெரிந்தாலும், குவியலுக்குக் கீழே மண்ணில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சூடு மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய சூடு சாமானை அப்போதே வெடிக்க வைக்காமல் விடலாம், நெருப்பு அணைந்த பிறகு ஒருவர் சாம்பலை வாரப் போகும்போது வெடிக்கலாம்.

பத்தையைக் காணியின் ஓரத்தில், பார்த்து முடித்த இடத்தில் குவித்து உக்க விடுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் நல்ல பசளை. இடம் இல்லையென்றால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்புங்கள். காசு முடியும்தான்.

8. கிணறு

பாவிக்காத கிணற்றை இறைக்கிற வேலை துப்புரவின் நடுவில் வரக் கூடாது, கிணற்றடி வெட்டி வெளியாகி, சுற்றிப் பார்த்த பிறகு. முதலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கிணற்றுக்குள் அடியுங்கள். ரோச் லைற்றைவிட இது நன்றாகத் தெரியும். மதியத்துக்குக் கிட்ட, சூரியன் உச்சிக்கு வர முன் செய்தால் கட்டின் உள்பக்கமும் படிக்கல்லும் தெரியும்.

பம்மை அடியில் முட்டாமல் தொங்க விட்டு இறையுங்கள். சேறு கலக்கினால் தெரியாது. தண்ணீர் இறங்க இறங்க நின்று நின்று கண்ணாடி அடித்துப் பாருங்கள். ரின், பெட்டி, கட்டிய பொலித்தீன், உரப்பை இவற்றில் எது தெரிந்தாலும் பம்மை நிற்பாட்டுங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை.

அடியில் கிடப்பது சாமான் போலவே இருக்காது. எங்கள் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலில் படிகிற சுண்ணாம்பை நினைத்துப் பாருங்கள், அது போல சுண்ணாம்பும் துருவும் சேறும் சேர்ந்து ஒட்டி ஒரு கல்லாகவே தெரியும். தூர் எடுக்க இறங்குகிறவர் காலால் துழாவுவதும், வாளிக்குள் கையால் அள்ளிப் போடுவதும் அதனால்தான் கூடாது. மேலே வந்த வாளியை அப்படியே கொட்டாமல் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்.

வெடிபொருளோடு சம்பந்தமில்லாத இன்னொன்று: நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சு முட்டும் காற்று நிற்கும். மண்ணெண்ணெய்ப் பம்மைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விட்டால் அதன் புகையே ஆளைக் கொல்லும். தனியாக யாரும் இறங்கக் கூடாது, இடுப்பில் கயிறு இல்லாமலும் இறங்கக் கூடாது.

9. தோண்டுதல்

வலிகாமத்துச் செம்மண் ஆழம் குறைவு, கொஞ்சத்தில் சுண்ணக்கல் வந்துவிடும். இது உங்களுக்கு உதவி. உடையாத இயற்கைப் பாறை வந்துவிட்டால் அதற்குக் கீழே யாரும் எதையும் புதைத்திருக்க முடியாது. அலவாங்கு அதற்குப் பிறகுதான். பாறை வருமட்டும் மண்ணை மண்வெட்டியால் மெல்லிசாகச் சாய்த்துச் சீவி எடுங்கள், அலவாங்கால் குத்த வேண்டாம்.

சுற்றிவர கல் இருக்க ஓரிடத்தில் மட்டும் மண் பொலுபொலுவென்று இறங்கினால், அல்லது செம்மண்ணுக்குள் சாம்பல் நிறமும் சீமெந்துத் துண்டும் கலந்து வந்தால், முந்தி யாரோ தோண்டி மூடிய இடம் அது. பழைய மலசலகூடக் குழியாக இருக்கலாம், பங்கராகவும் இருக்கலாம். நிற்பாட்டி அயலில் கேளுங்கள்.

1995 ஒக்ரோபரில் இடம்பெயரும்போது நகையையும் பித்தளைப் பாத்திரத்தையும் புதைத்துவிட்டுப் போன குடும்பங்கள் நிறைய. திரும்பி வந்ததும் தோண்டத் துடிப்பார்கள், அது விளங்கக் கூடியதுதான். புதைத்தவர் இருந்தால் அவர் சொல்கிற இடத்தை மட்டும், மேலே சொன்ன மாதிரி. அவர் இல்லையென்றால், "மாமரத்துக்குக் கிழக்காலை எங்கையோ" என்ற வாய்வார்த்தையை நம்பி ஒரு பரப்புக் காணியைக் குத்திக் கிளறுவதற்கு நான் ஆள் விட மாட்டேன். புலிகளின் தங்கம் தேடி மிசினோடு வருகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வளவுக்குள் விடாதீர்கள்.

10. கண்டுவிட்டால்

ஒரு வளவில் பட்ட பனையடியில் வேலை நடந்தபோது இளம்பொடியன் ஒருவன் குனிந்தான். வேருக்கிடையில் பாதி புதைந்த ரின் பெட்டி, மூடி இற்று விழுந்து உள்ளே ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. துரு உதிர்ந்த இடத்தில் மட்டும் சிவப்பாக மினுங்கியது.

"அண்ணை, செம்பு போலை கிடக்கு. கிலோ நல்ல விலை போகும்."

"தொடாதை தம்பி. கத்தியை மெல்ல வைச்சிட்டு, வந்த காலடியாலையே திரும்பி வா."

அதிரடிப்படையினர் வந்து எடுத்தபோது ரவைக்குக் கீழே பொலித்தீனில் சுற்றிய கைக்குண்டுகள் இருந்தன. ரவை கண்ட இடத்தில் ரவை மட்டும் இருக்கும் என்று எண்ணக் கூடாது. செம்பும் செம்பில்லை. ரி-56 ரவையின் கோது பெரும்பாலும் இரும்பு, மேலே ஒரு செம்புப் பூச்சு. பழைய இரும்புக்காரர் அதற்குத் தருவது ஒரு தேத்தண்ணிக் காசு.

கண்டவுடன் செய்ய வேண்டியது இந்த ஒழுங்கில்:

நில்லுங்கள். மற்றவர்களையும் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓடினால் பார்க்காத இடத்தில் கால் வைப்பீர்கள்.

வந்த காலடியால் திரும்புங்கள். ஒருவர் பின் ஒருவராக, பார்த்து முடித்த நிலம் வரைக்கும்.

அங்கிருந்து அடையாளம் வையுங்கள். சிவப்புத் துணியை மரக்கிளையில் கட்டுங்கள். நிலத்தில் தடி குத்த வேண்டாம். சாமானுக்குக் கிட்டப் போய் வாளியால் மூடுவது, தண்ணீர் ஊற்றுவது, கல் அடுக்குவது எல்லாம் கூடாத வேலைகள். போட்டோ வேண்டுமென்றால் தூர நின்று பெருப்பித்து எடுங்கள்.

ஒழுங்கைக்கு வந்த பிறகு 119 எடுங்கள், விதானையாருக்கும் சொல்லுங்கள். சாமானுக்குப் பக்கத்தில் நின்று கைபேசி பாவிக்க வேண்டாம்.

படலையில் ஒருவர் நிற்கட்டும். பொலிஸ் வருவதற்குள் ஊர் கூடிவிடும், வட்ஸ்அப்பில் படம் போட்டால் இன்னும் கெதியில் கூடிவிடும்.

பிறகு நடப்பது வழமையாக இதுதான். பொலிஸ் வந்து பார்க்கும், நீதவான் நீதிமன்றத்துக்கு அறிவித்து அனுமதி எடுக்கும், விசேட அதிரடிப்படையின் அல்லது இராணுவத்தின் குண்டு செயலிழக்கச் செய்யும் ஆட்கள் வந்து எடுப்பார்கள் அல்லது அங்கேயே வெடிக்க வைப்பார்கள். அன்றே முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதுவரை அந்த வளவில் வேலை இல்லை, ஆட்களின் சம்பளத்தை அதற்கேற்பக் கணக்குப் பார்த்து வையுங்கள்.

"பொலிசுக்குச் சொன்னால் எங்களைத்தான் பிடித்துக் கேட்பார்கள்" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கேள்வி கேட்பார்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எப்போது கண்டீர்கள், யார் யார் நின்றார்கள், காணி யாருடையது. அதனால்தான் முதலாம் படியில் கடதாசியையும் விதானையாரையும் வைத்தேன். உறுதியும் விதானையாரின் சாட்சியமும் இருக்கிற காணியில், கண்ட அன்றே சொன்னவருக்குப் பதில் சொல்வது சுலபம். அனுமதியில்லாமல் ரவையை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், அதை எடுத்து ஒளித்தவர்தான் விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பார். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இரவில் கொண்டுபோய் கடலிலோ குளத்திலோ பாழ்கிணற்றிலோ போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தூக்குவதே ஆபத்து என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்தக் கிணற்றை நாளைக்கு இறைக்கப் போகிறவன் இன்னொருவன்.

11. வேலை முடிந்த பிறகு

நீங்கள் கீறிய படத்தில் எங்கே அடிவரை வெட்டிப் பார்த்தீர்கள், எங்கே மேலால் மட்டும், எங்கே தொடவில்லை என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். திகதி போடுங்கள். ஒரு பிரதி உறுதியோடு, ஒன்று காணியைப் பார்க்கிறவரிடம், ஒன்று வீடு கட்டுகிற மேசனிடம்.

அடுத்த மாரி முடிந்ததும் ஒரு தரம் நடந்து பாருங்கள், முதல் நடையில் நடந்த மாதிரி. மழை புதிதாக ஏதாவது கழுவி வைத்திருக்கும். மணல் நிலமென்றால் ஒவ்வொரு மாரிக்கும் பிறகு. காணியை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ போனால் படத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விலை குறையும் என்று புரோக்கர் வேண்டாம் என்பார். கொடுங்கள்.